குறளும் கும்மியும்: பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லித்தருவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதையையும் அதன் வகைகளையும் எப்படி அறிமுகப்படுத்துவது என்று கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஆசிரியர்கள், பெற்றோர் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாணவியும் கேட்டிருக்கிறார்.

கேள்வி: செய்யுள் வகுப்புன்னாலே பிள்ளைங்க முகம் வாடிப் போகுதுங்க. அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டு, பொருள் சொல்லி, மனப்பாடம் கேட்டு முடிச்சா அதோட சரி. வேற எப்படித் தொடங்கறதுங்க? – ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, சத்தியமங்கலம்

பொருளைக் கடைசிக்குத் தள்ளுங்கள், டீச்சர். முதலில் காதும் கையும் வேலை செய்யட்டும்.

எட்டு அடிக்கு மேற்படாத பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு தடவை நிதானமாக நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் தடவை கை தட்டிக்கொண்டு சொல்லுங்கள். மூன்றாம் தடவை நீங்கள் ஓர் அடி, பிள்ளைகள் ஓர் அடி. இதற்குப் பத்து நிமிடம் போதும். அதன்பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்தச் சொல் காதிலேயே நின்றது?" இதற்குத் தப்பான விடையே கிடையாது என்பதால் பின்பெஞ்சும் வாய் திறக்கும். அருஞ்சொல் எல்லாம் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் இதற்குத் தோதான வடிவம் கும்மி. கோயில் நோம்பிக்கு வள்ளி கும்மி ஆடிய பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டாவது இருக்கும். அந்தக் கலைஞர்களில் ஒருவரான கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும் சொல்லிவிட்டு இந்த இரண்டு வரியைப் பலகையில் எழுதுங்கள். கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டு:

மஞ்சள் / விளைந்திடும் / ஈரோட்டு / மண்ணில் /
மழைவந்து / கொட்டிடக் / கும்மியடி

பஞ்சு / வெடித்திடும் / பல்லடக் / காட்டில் /
பருந்து / பறந்திடக் / கும்மியடி

நான்கும் மூன்றும் ஏழு. எட்டாவது தட்டு சொல் இல்லாமல் சும்மா விழும்; "கும்மியடி"யின் இழுவை அதை நிரப்பிக்கொள்ளும். பாட்டு பிடிபட்டதும் இரண்டு சொல்லை மட்டும் அழித்துவிட்டு, பிள்ளைகளையே வேறு சொல் போடச் சொல்லுங்கள். முழு வரியையும் எழுதச் சொன்னால் பாதி வகுப்பு பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கும், கவனியுங்கள். "விளைந்திடும்" இருந்த இடத்தில் யாராவது "காய்ந்திடும்" போடுவார்கள். "மஞ்சள் காய்ந்திடும்" தட்டுக்கு ஒட்டாது. பாடுகிற பிள்ளை தன்னை அறியாமல் "மஞ்சளு காய்ந்திடும்" என்று நீட்டிக்கொள்ளும். அதைத் திருத்த வேண்டாம். யாப்பு விதிப்படி, அதாவது செய்யுள் இலக்கணப்படி, அந்தத் திருத்தம் சரி. காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

வாரம் இரண்டு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் கும்மி மட்டும்தான் மிஞ்சும், கணக்குப் பாடம் போய்விடும்.

கேள்வி: எம் பொண்ணு பத்தாவது படிக்கறா. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. ஆனா ஒரு குறளைக் குடுத்து அலகிடச் சொன்னா முழிக்கறா. நான் தறிக்காரன், எனக்கும் இது தெரியாது. வீட்டுலயே சொல்லித்தர வழியிருக்குங்களா? – சென்னிமலை வாசகர்

இருக்கிறது. அலகிடுவது என்றால் செய்யுளின் ஒவ்வொரு சீரையும் (சொல்துண்டையும்) அசை அசையாகப் பிரிப்பது. தேமா, புளிமா போன்ற வாய்பாடு என்பது விடைக்கு வைத்த பேர். அதை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, கணக்குப் போடும் வழியைக் கடைசியில் கற்றுக்கொள்வதால்தான் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த எழுத்துக்குக் கொட்டை கிடையாது. மற்ற ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கொட்டை. இனி எழுத்துகளை அசையாகச் சேர்க்க வேண்டும்.

நெடில் தனித்தே நிற்கும். பின்னால் புள்ளி எழுத்து வந்தால் அதை மட்டும் ஒட்டிக்கொள்ளும். குறில் அப்படி இல்லை, அடுத்த எழுத்தைப் பார்க்கும். அது புள்ளி எழுத்தானால் அதோடு நின்றுவிடும். இல்லையென்றால் குறிலோ நெடிலோ எதுவானாலும் அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்; அதற்குப் பின்னால் புள்ளி எழுத்து இருந்தால் அதுவும் கூடவே வரும். சீரின் கடைசியில் துணை கிடைக்காத குறில் தனியாக நிற்கும். இப்போது கொட்டையை எண்ணுங்கள். ஒரு கொட்டை உள்ள அசை நேர், இரண்டு கொட்டை உள்ளது நிரை.

இந்தக் குறளைப் போட்டுப் பாருங்கள்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

கற்/க – க குறில், பின்னால் புள்ளி எழுத்து, அதோடு முடிந்தது. அடுத்த க தனி. நேர் நேர், தேமா.
கச/டறக் – நிரை நிரை, கருவிளம்.
கற்/பவை – நேர் நிரை, கூவிளம்.
கற்/றபின் – இதுவும் கூவிளம்.
நிற்/க – தேமா.
அதற்/குத் – நிரை நேர், புளிமா.
தக – ஒரே நிரை. கடைசிச் சீர் ஆகையால் மலர்.

பிள்ளைகள் சறுக்குகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, "ஆதி" போன்ற சொல். எழுத்து இரண்டு என்பதால் நிரை என்று எழுதிவிடுவார்கள். நெடில் முன்னால் நின்றால் பின்னால் வரும் எழுத்தை ஒருநாளும் சேர்க்காது. ஆ/தி, நேர் நேர், தேமா. இரண்டு, "முதற்றே" மாதிரிச் சொல்லில் ற்-ஐ அடுத்த அசைக்குத் தள்ளி மு/த/ற்றே என்று வெட்டுவது. எந்த அசையும் புள்ளி எழுத்தில் தொடங்காது. முதற்/றே என்பதே சரி. மூன்றாவதில்தான் மதிப்பெண் போகும். "உலகு" என்று முடியும் குறளுக்குப் புளிமா என்று எழுதுவது. ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடு மட்டுமே. நேர் தனியே நின்றால் நாள், நிரை தனியே நின்றால் மலர், நேரோடு குற்றியலுகரம் (கு, சு, டு, து, பு, று என்று குறுகி ஒலிக்கும் உகரம்) வந்தால் காசு, நிரையோடு வந்தால் பிறப்பு. உலகு பிறப்பு.

அலகிட்டது சரியா என்று பாப்பா தானே சரிபார்க்கலாம். குறள் வெண்பாவில் சீரும் சீரும் ஒட்டும் முறைக்கு, அதாவது தளைக்கு, மூன்றே விதி: மா (நேரில் முடியும் ஈரசைச் சீர்) முன் நிரை, விளம் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) முன் நேர், காய் (நேரில் முடியும் மூவசைச் சீர்) முன் நேர். மேலே உள்ள குறளில் "கற்க" மாச்சீர், அடுத்து "கச" நிரை. "கசடறக்" விளச்சீர், அடுத்து "கற்" நேர். இப்படியே கடைசி வரை ஓடிப் பாருங்கள். எங்காவது ஒட்டவில்லை என்றால் பிழை வள்ளுவருடையதாக இருக்காது. நிரையில் முடியும் மூவசைச் சீரான கனிச்சீர் வந்தாலும் அப்படித்தான், குறளில் அது வராது, வெட்டிய இடத்தைத் திரும்பப் பாருங்கள். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் குறிலாகக் குறுகும் என்பதை எல்லாம் முதல் மாதத்தில் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

சத்தியமங்கலம் டீச்சருக்குச் சொன்னதற்கு இப்போது வருவோம். அந்தக் கும்மி வரியை இதே கொட்டையை வைத்து அலகிடுங்கள். மஞ்/சள் தேமா, விளைந்/திடும் கருவிளம், ஈ/ரோட்/டு தேமாங்காய், மண்/ணில் தேமா, மழை/வந்/து புளிமாங்காய், கொட்/டிடக் கூவிளம், கும்/மிய/டி கூவிளங்காய். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். குறளில் உள்ள அதே வெண்டளை (வெண்பாவுக்குரிய தளை), அதே நான்கும் மூன்றும் ஏழு சீர். ஈற்றுச் சீர் மட்டும் குறளில் ஓரசையாகக் குறையும், கும்மியில் காயாக நீளும். "மஞ்சள் காய்ந்திடும்" ஏன் இடறியது? தேமாவுக்குப் பின்னால் நேர் வந்துவிட்டது. "மஞ்சளு" என்று நீட்டியதும் அது மஞ்/சளு, கூவிளம் ஆகிவிட்டது. விளம் முன் நேர் ஒட்டிக்கொண்டது. விதி தெரியாத பிள்ளையின் காது விதியைக் கண்டுபிடித்துவிடுகிறது. கும்மி தட்டத் தெரிந்த பெண்ணுக்கு வெண்பா பாதி தெரியும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வாய்மொழிக் கும்மிகள் எல்லாம் இப்படி அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. பாடுகிறவர் நீட்டியும் முழுங்கியும் சரிக்கட்டிக்கொள்வார். பயிற்சிக்கு எழுதிவைத்த கும்மியையே எடுங்கள்.

கேள்வி: நாலாவது படிக்கும் என் மகன் "பட்டம், வட்டம், சட்டம், கட்டம்" என்று வரிக்கடைசியில் ஒரே ஓசை வரும்படி எழுதிவிட்டு, கவிதை என்கிறான். அர்த்தமே இல்லை. தடுக்கலாமா? – பவானி வாசகி

தடுக்காதீர்கள், அம்மா. ஆனால் வரிக்கடைசியிலிருந்து வரித்தொடக்கத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். கடைசி ஓசை ஒன்றுவது இயைபு. தமிழ்ப் பாட்டில் அதைவிட அதிகம் உழைப்பது எதுகையும் மோனையும்.

இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை: கற்க – நிற்க, மஞ்சள் – பஞ்சு. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடும் பாதி விதி ஒன்று உண்டு. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். "பட்டு – பாட்டு" எதுகை ஆகாது. "பாட்டு – காட்டு" ஆகும். மோனை முதல் எழுத்து ஒன்றுவது. அதற்கு இன எழுத்துச் சலுகை உண்டு: அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம், மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ. ஆகவே மஞ்சளுக்கு வயல் மோனையாகும்.

ஊர்ப் பெயரில் விளையாட விடுங்கள். ஈரோட்டுக்கு எதுகை தேடச் சொன்னால் சீரோடு, நீரோடு, பேரோடு, தேரோடு, வேரோடு என்று வந்துகொண்டே இருக்கும். அந்தியூருக்குச் சந்தை, பந்து, சொந்தம். பவானிக்குத் தேடினால் திண்டாடுவான், அதையும் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். திருப்பிப் படித்தாலும் அதுவே வரும் சொற்றொடர்களும் இந்த வயதுக்குப் பிடிக்கும்: தேரு வருதே, மோரு போருமோ, மாடு ஓடுமா.

கேள்வி: ஹைக்கூ என்றால் 5–7–5 அசை என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். தமிழில் எண்ணிப் பார்த்தால் ஒன்றும் சரியாக வரவில்லை. – தமிழாசிரியர், பொள்ளாச்சி

வராது, சார். அந்தக் கணக்கு ஜப்பானிய மொழியின் ஒலியலகுக்கானது. நம் நேரும் நிரையும் வேறு அளவுகோல். 1916-இல் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதை பற்றி எழுதித் தமிழுக்கு ஹைக்கூவை அறிமுகப்படுத்தினார். பின்னால் இங்கே நிலைத்தது மூன்று அடி என்ற வடிவம்தான். அடியை எண்ணச் சொல்லுங்கள், அசையை எண்ண வேண்டாம்.

எண்ண வேண்டியது காட்சியை. இரண்டு காட்சி, நடுவில் ஒரு வெட்டு. மாணவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

ஊருக்கெல்லாம் புடவை
நெய்யும் நெசவாளிக்கு
உடம்பெல்லாம் கிழிசல்

இது ஒரு கருத்து. படித்த உடனே முடிந்துபோகிறது, பார்க்க ஒன்றும் இல்லை. அதே தறியை வைத்து இப்படியும் எழுதலாம்:

கரண்ட் போன தறிப்பட்டறை
இப்போதுதான் கேட்கிறது
வேப்பமரத்துக் குயில்

குயில் காலையிலிருந்து கூவிக்கொண்டுதான் இருந்திருக்கும் என்பதைப் படிப்பவரே கண்டுபிடிக்கிறார். "பாவம்", "சோகம்", "அழகு" ஆகிய மூன்று சொல்லுக்கும் ஹைக்கூ வகுப்பில் தடை போடுங்கள், பாதி வேலை முடிந்தது. மனிதர்களைக் கிண்டல் செய்யும் மூன்றடி வந்தால் அதைச் சென்ரியு என்று தனியாக வையுங்கள்.

கேள்வி: ஏழாவது, எட்டாவதுப் பசங்களுக்குச் சிரிப்பு இல்லாத எதுவும் ஏறமாட்டேங்குதுங்க. – ஆசிரியர், காங்கேயம்

லிமரிக் கொடுங்கள். ஐந்து அடி. 1, 2, 5 நீளம், அவை ஓர் இயைபு. 3, 4 குட்டை, அவை வேறோர் இயைபு. கடைசி அடியில் சிரிப்பு வெடிக்க வேண்டும்.

பல்லடம் போகவே பஸ் ஏறினாரு
பாதியில் கண்மூடித் தூங்கிட்டாரு
கோவையும் வந்தாச்சு
கூட்டமும் போயாச்சு
"பல்லடம் எங்கீங்க காணோம்?" என்றாரு!

கெடுவது எப்போதும் ஐந்தாம் அடியில். சிரிப்பை இரண்டாம் அடியிலேயே கொட்டிவிட்டு மிச்சத்தை இழுப்பார்கள். ஐந்தாம் அடியை முதலில் எழுதிவிட்டு மேலே ஏறச் சொல்லுங்கள். வகுப்புத் தோழன் பெயர் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் இன்டர்வெல்லில் பஞ்சாயத்து. லிமரிக்கையும் ஹைக்கூவையும் சேர்த்து லிமரைக்கூ என்ற மூன்றடி வடிவத்தைத் தமிழில் எழுதியவர் ஈரோடு தமிழன்பன், சென்னிமலைக்காரர். உங்கள் பசங்களிடம் அதையும் சொல்லலாம்.

கேள்வி: நான் ஒன்பதாவது படிக்கறேனுங்க. "எங்கள் அமுச்சி"ன்னு ஒரு பாட்டுல எழுதினேன். வட்டார வழக்கு வேண்டாம்னு "எங்கள் பாட்டி"ன்னு திருத்திட்டாங்க. எது சரிங்க? – மாணவி, தாராபுரம்

புதுக்கவிதை என்றால் நீ எழுதியதே இருக்கட்டும், கண்ணு. கோவையிலிருந்து 1971-இல் வந்த வானம்பாடி இதழ்க் கவிஞர்களுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் புதுக்கவிதைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அம்மாவைப் பெற்றவரை அமுச்சி என்று கூப்பிடுகிற வீட்டில் பாட்டி என்று எழுதினால் அது வேறு யாரோ.

நீ எழுதியது வெண்பாவோ கும்மியோ என்றால் இன்னொன்றும் இருக்கிறது. எங்/கள் தேமா. அமுச்/சி புளிமா. மா முன் நிரை, ஒட்டுகிறது. பாட்/டி தேமா, மா முன் நேர், தளை தட்டுகிறது. திருத்தியவர் சொல்லைத் திருத்தப் போய் ஓசையைக் கெடுத்திருக்கிறார். ஆனால் சில வீடுகளில் சொல்வதுபோல் "அம்முச்சி" என்று நீ எழுதியிருந்தால் அதுவும் தளை தட்டும்: அம்/முச்/சி நேரில் தொடங்குகிறது. பரீட்சைக் கட்டுரையில் மட்டும் பொதுத்தமிழே எழுது. அங்கே யாப்பு பார்த்து மதிப்பெண் போடமாட்டார்கள்.

கேள்வி: நம்ம பக்கத்துப் பழைய நூல் ஏதாவது பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? – நூலகர், பெருந்துறை

உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. விசயமங்கலத்துக் கொங்குவேளிர் எழுதிய பெருங்கதை என்ற காப்பியம் முழுக்க ஆசிரியப்பா. அந்தப் பாவுக்குரிய அகவல் ஓசை எப்படி நீண்டு ஓடும் என்பதற்குப் பத்து அடி படித்துக் காட்டினால் போதும். கதை முழுவதையும் சொல்ல இறங்கினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வடிவத்தைச் செய்து பார்க்க ஏற்றது கொங்கு மண்டல சதகம். கார்மேகக் கவிஞர் பாடியது, அவரும் விசயமங்கலத்தார். சதகம் என்றால் நூறு பாட்டு. ஒவ்வொரு பாட்டும் "கொங்கு மண்டலமே" என்று வந்து முடியும். இந்த முடிப்பைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நூறு வேண்டாம், பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் நான்கு அடி, நான்காம் அடி "எங்கள் பெருந்துறையே" என்று முடியட்டும். குழுவுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஓர் அடி. சந்தை, குளம், பஸ் ஸ்டாண்டு, சிப்காட் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பத்துப் பாட்டும் "வளம் கொழிக்கும்" என்றே ஆரம்பிக்கும்.

கேள்வி: கவிதைப் போட்டிக்கு வருவதில் பாதி பெற்றோர் எழுதியது, மீதி செல்போனில் எடுத்தது. நடுவராக இருக்கும் நான் என்ன செய்வது? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

வீட்டில் எழுதிவரும் போட்டியை நிறுத்திவிடுங்கள், ஐயா. தலைப்பையும் முதல் அடியையும் அங்கேயே பலகையில் எழுதிப்போட்டு நாற்பது நிமிடம் கொடுங்கள். "தாய்", "தமிழ்", "மரம் வளர்ப்போம்" போன்ற தலைப்பு வேண்டாம், அவற்றுக்கு எல்லாரிடமும் தயார்ச் சரக்கு இருக்கும். "காலையில் எங்கள் தெருக்குழாய்" என்று கொடுத்தால் யாரும் முன்கூட்டி எழுதி வந்திருக்க முடியாது. தாளில் அடித்துத் திருத்திய இடங்களை அழிக்காமல் விடச் சொல்லுங்கள். பரிசுக்கு இரண்டு தாள் சமமாக வந்தால் அடித்தல் அதிகம் உள்ள தாளுக்குக் கொடுங்கள். முடிவு சொல்லும் முன் முதல் ஐந்து பேரை அழைத்து அவரவர் பாட்டை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சொந்தமாக எழுதிய பிள்ளை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தும்.